வெடித்த குழாயின் ரப்பர்

நியூட்ரான் ஆய்வு மையத்தில் அவளுக்கு ரப்பர் அக்கா என்று பெயர். இயக்குநர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். பதினொரு வருடம் ரப்பர்க் குழாய்த் தொழிற்சாலையில் கலவை அரைத்தவள். அந்தக் கைப்பழக்கத்துக்காகவே இங்கே எடுத்துக்கொண்டார்கள். ரப்பரை மெல்லிய வில்லைகளாக வெட்டி, கன ஹைட்ரஜன் உள்ள கரைப்பானில் ஊறவைத்து, குவார்ட்ஸ் குப்பியில் அடைத்துக் கொடுப்பது அவள் வேலை. அணு உலையிலிருந்து வரும் நியூட்ரான்கள் அதில் பட்டுச் சிதறும். சிதறும் விதத்தை வைத்து ரப்பருக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள்.

ஒருநாள் வெடித்துக் கிழிந்த நீராவிக் குழாய் ஒன்று ஆய்வுக்கு வந்தது. அவளுடைய பழைய தொழிற்சாலையில் செய்தது. அது வெடித்ததில் பாய்லர்காரர் ஒருவருக்கு ஒரு கண் போயிருந்தது. கலவை எந்திரத்தில் இப்போது நிற்பவன் அவள் தம்பி; அவளே சேர்த்துவிட்டவன். இதை அன்றே மேலதிகாரியிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

தம்பி போன் செய்தான். "முழு நேரமும் அரைச்சேன்க்கா. என் பிள்ளைங்க மேல சத்தியம்."

"அப்புறம் எதுக்குடா பயப்படுற?"

"பயமெல்லாம் இல்ல. சும்மா சொல்றேன்."



அவள் வெட்டி ஊறவைத்துக் கொடுத்த இரண்டாம் நாள் காலை முடிவு வந்தது. ரப்பர் சங்கிலிகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போடுவது கந்தகம். கலவை நன்றாக அரைபட்டால் சீராகப் பரவியிருக்க வேண்டிய முடிச்சுகள் திட்டுத்திட்டாகத் திரண்டிருந்தன. முடிச்சு நெருங்கிய இடம் கரைப்பானை அதிகம் குடிக்காது. மற்ற இடம் குடித்து உப்பும். அந்த வித்தியாசம்தான் திரையில் கோடாக ஏறி நின்றது.

கருவியைப் பார்த்துக்கொள்ளும் மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "கலவை சரியா அரைபடல போல. இல்ல, ஊற வச்சதுல ஏதாவது கோளாறா? நீங்க சொன்னா இத விட்டுடலாம்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும்.

"ஊறினது சரிதான் மேடம்," என்றாள் கடைசியில். "அந்தக் கலவைய அரைச்சது என் தம்பி."

மேடம் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "மொத நாளே சொல்லியிருந்தா வேற ஆள வச்சிருப்பேன்."

மூன்று வாரம் கழித்து வேறொருவர் கையால் வெட்டி ஊறவைத்துப் பார்த்தார்கள். அதே கோடு. மறைத்ததற்காக அவளை ஆறு மாதம் வேறு பிரிவுக்கு மாற்றினார்கள்.

குழாய் வெடித்தது பற்றிய விசாரணையில் தம்பி ஒப்புக்கொண்டான். ஆர்டர் நெருக்குகிறது, நாலு நிமிடம் முன்னாலேயே எடுத்துவிடு என்று மேற்பார்வையாளர் சொன்னாராம். "நான் எப்ப சொன்னேன்?" என்று அவர் கைகழுவிவிட்டார். தம்பிக்கு வேலை போயிற்று.

அவள் அவன் வீட்டுக்குப் போனாள். தம்பி மனைவி கதவைப் பாதி திறந்து, "அவர் தூங்குறார் அண்ணி," என்றாள். பின்னாலேயே அவன் வந்தான்.

"உன்ன நான் பொய் சொல்லச் சொல்லல. தெரியலன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"ஊறினது சரின்னு எனக்குத் தெரியும்டா. நான்தான ஊற வச்சேன்."

"பாய்லர்காரருக்குக் கண்ணு போனது எனக்கும் வலிக்காதா? ஆனா நீ என் அக்கா." கதவு சாத்தப்பட்டது.

படியிறங்கும்போது அவளை அரித்தது அந்தக் கதவல்ல. அவள் காலத்திலும் அதே மேற்பார்வையாளர்தான். "சீக்கிரம் எடும்மா" என்று அவளிடமும் சொல்லியிருக்கிறார். அவளும் எடுத்திருக்கிறாள், எத்தனையோ தடவை. எதுவும் வெடிக்கவில்லை, அவ்வளவுதான். வெடிக்கவில்லையா, வெடித்தது தன் காதுக்கு வரவில்லையா என்பதுகூட அவளுக்குத் தெரியாது.

மறுநாள் அதையெல்லாம் இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு விசாரணை அதிகாரியிடம் கொடுத்தாள். அவர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "இது உங்களுக்கே எதிரா திரும்பும், தெரியுமா?"

"தெரியும் சார்."

விசாரணையை மறுபடி திறந்தார்கள். மேற்பார்வையாளரைத் தற்காலிகமாக நீக்கினார்கள். முடிவு இன்னும் வரவில்லை. அந்த இரண்டு பக்கத்தின் நகலைத் தம்பிக்கும் அனுப்பியிருந்தாள்; அவன் படித்தானா என்று தெரியவில்லை. வாரம் ஒருமுறை போன் செய்கிறாள். மணி அடிக்கிறது, எடுப்பதில்லை.