ஐந்து ராணிகள்

தெருவில் எல்லோருக்கும் அவள் மெஷின் அக்கா. முன்னறையில் தையல் மெஷின், கொல்லையில் தகரக் கூரைக்குக் கீழே ஒன்பது தேன்பெட்டிகள். லாரி ஓட்டிக்கொண்டிருந்த புருஷன் பக்கவாதம் வந்து கட்டிலில் விழுந்த வருஷம், மின்கம்பத்தில் மொய்த்த ஒரு தேனீக் கூட்டத்தை அட்டைப்பெட்டியில் தட்டிப் பிடித்தாள். ஆறு வருஷத்தில் அது ஒன்பதானது.

இந்த முறை மழை பிடித்தது பிடித்ததுதான், முப்பது நாளாகியும் விட்டபாடில்லை. பூவெல்லாம் அழுகி உதிர்ந்தது. வெளியே போன தேனீக்கள் திரும்பவில்லை; போகாதவை உள்ளே சேர்த்ததைத் தின்று தீர்த்தன. சர்க்கரைப் பாகு காய்ச்சி அவற்றுக்கு வைத்து வந்தாள். பாலம் மூழ்கியதும் கடைக்குச் சர்க்கரை வருவதும் நின்றது.

தினமும் காலையில் பெட்டிகளைப் பின்பக்கம் லேசாகத் தூக்கிப் பார்ப்பாள். கனத்தால் உள்ளே தேன் இருக்கிறது என்று அர்த்தம். அன்று ஓரத்துப் பெட்டி வெறும் பலகையாக வந்தது. திறந்தாள். அடையின் ஒவ்வொரு குழியிலும் ஒரு தேனீ, தலையை உள்ளே விட்டு, வால் மட்டும் வெளியே தெரியச் செத்திருந்தது. குழியின் அடிவரைக்கும் நக்கிப் பார்த்திருக்கின்றன.

உள்ளே வந்து புருஷன் காலடியில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு போச்சுங்க. மிச்ச எட்டும் தாங்காது. மூணாச் சேர்த்துட்டா ஒருவேளை பிழைக்கும்."

"சேர்த்துட வேண்டியதுதானே?"

"ஒரு பெட்டிக்கு ஒரு ராணிதான் இருக்கலாம். அஞ்சைக் கொல்லணும்."

அவர் இடது கையை நீட்டினார். "பிடிச்சு எங்கிட்டக் குடு. நான் பண்றேன்."

"ஒரு கையை வச்சுக்கிட்டா?"

"நசுக்கறதுக்கு எத்தனை கை வேணும்?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போயும் விட்டது.

மழை சற்று ஓய்ந்த மத்தியானத்தில் பெட்டிகளைத் திறந்தாள். ராணிகளின் முதுகில் அவளே நகப்பூச்சால் வெள்ளைப் பொட்டு வைத்திருந்ததால் தேட வேண்டியிருக்கவில்லை. நான்கைத் தன் விரலாலேயே முடித்தாள். ஐந்தாவது, மின்கம்பத்துக் கூட்டத்தின் வழியில் வந்தது. அதைத் தீப்பெட்டியில் வைத்து எடுத்துப்போய் அவருடைய இடது உள்ளங்கையில் விட்டுவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள்.

"முடிஞ்சுது," என்றார் அவர். பிறகு, "கொட்டக்கூட இல்ல" என்றார். அவள் ஈரத்துணியால் அவர் விரல்களைத் துடைத்துவிட்டாள்.

பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவே செய்தித்தாள் விரித்தாள். அவை தாளைக் கடித்துக் கிழித்து வருவதற்குள் வாசம் கலந்துவிடும், சண்டை வராது. இரண்டு அடுக்கில் அப்படியே நடந்தது. மூன்றாவதில் தாள் நனைந்து முதல்நாளே கிழிந்துபோக, காலையில் வாசல் பலகை முழுக்கப் பிணம், உள்ளேயும் ஒன்றும் மிஞ்சவில்லை. துடைப்பத்தால் கூட்டி முறத்தில் அள்ளினாள்.

இன்னும் ஒன்பது நாள் கழித்துத்தான் வெயில் வந்தது. எஞ்சிய இரண்டு அடுக்குகளிலிருந்தும் தேனீக்கள் தயங்கித் தயங்கி வெளியே வந்து தகரத்தின்மேல் உட்கார்ந்து காய்ந்தன. கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டாள். அவர் சாயங்காலம்வரை அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் அவள் ஒரு துளித் தேனும் எடுக்கவில்லை. கேட்டு வந்தவர்களிடம், "அதுகளுக்கே பத்தல" என்று சொல்லிவிட்டு மெஷினை மிதித்தாள்.