முழங்கால் உயரத் திடல்

தம்பியின் அகதிக் கேஸை நான்தான் பிரெஞ்சில் எழுதினேன். பாரிஸில் நம்மவர் கடைகள் இருக்கும் லாச்சப்பலில் கேஸ் எழுதிக் கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். எனக்குத்தான் மண்டைக்கனமாயிற்றே! அங்கே ரூ காய் என்ற தெருவில் பலசரக்குக் கடையில் பதினெட்டு வருடம் நின்றவன், என் பிரெஞ்சுக்கு முன்னால் எவன் நிற்பான் என்ற நினைப்பு.

கடை பூட்டியிருந்த ஒரு திங்கட்கிழமை, அரிசி மூட்டையில் உட்கார்ந்து அவன் சொன்னான். மாரிகாலத்தில் ஷெல்லடிக்குப் பயந்து ஓடும்போது அம்மா செத்துப்போனாள். புதைக்கத் தோண்டிய இடமெல்லாம் தண்ணீர் ஊறியது.

"கடைசியிலை திடலிலைதான் தாட்டனான், அண்ணை."

அந்த நாட்களில் நான் இங்கே வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தேன்.

திடல் என்றால் எங்கள் ஊரில் வயலுக்கு நடுவே மேடாகக் கிடக்கும் துண்டு நிலம். முழங்கால் உயரம்தான் வரும். வயல் முழுக்க வெள்ளம் நின்றாலும் அது காய்ந்து கிடக்கும். மாட்டை அங்கேதான் கட்டுவோம், வெட்டிய கதிரை அங்கேதான் குவிப்போம். எனக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். தெரிந்தும் 'கொலின்' என்று எழுதினேன். பிரெஞ்சில் அது குன்று. அம்மா ஒரு குன்றின்மேல் படுத்திருக்கிறாள் என்று வாசிக்க அழகாக இருந்தது, வேறென்ன!

"அண்ணை, திடலை என்னெண்டு எழுதினனீங்கள்?"

"உனக்கென்ன பிரெஞ்சு தெரியும்? பேசாமல் கையெழுத்தை வை."

வைத்தான்.

விசாரணையில் அதிகாரி, பிணத்தைக் குன்றில் எப்படி ஏற்றினாய் என்று கேட்டிருக்கிறார். எங்கள் ஊரில் குன்றே இல்லையே என்று இவன் உள்ளதைச் சொல்லியிருக்கிறான். மறுப்புக் கடிதம் வந்தது. தாயைப் புதைத்த கதையை நம்ப முடியாது என்று அதில் இருந்தது. கடைக்குப் பின்னால் போய் நின்று அழுதேன்.

மேல்முறையீடு செய்தோம். பிழை என்னுடையது என்று வக்கீலிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. தம்பியே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். வழக்கு நாளன்று பின்வரிசையில் இருந்தேன். குன்று என்று எழுதியது யார் என்று நீதிபதி கேட்டார்.

தம்பி திரும்பி என்னைப் பார்த்தான். மூத்தவனை நாலுபேர் முன்னால் தாழ்த்துகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

"ஒருத்தரிலையும் பிழையில்லை ஐயா. நான்தான் பிழையாச் சொல்லிப்போட்டன்."

நான் எழும்பியிருக்கலாம். ஒரே ஒரு வசனம் சொன்னால் போதும். எழும்பவில்லை. பாவி, இருந்த இடத்திலேயே இருந்தேன்.

அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து வீடியோ கோல் எடுத்தான். "அண்ணை, திடலிலை நிக்கிறன். அம்மாவின்ரை இடத்திலை புல்லு மண்டிப்போச்சு. இப்பத்தான் செருக்கித் துப்பரவாக்கினனான்." போனைத் தாழ்த்திக் காட்டினான். சுற்றிவர வெள்ளம். நடுவில் அவன் கால்களும் கொஞ்சம் காய்ந்த மண்ணும் தெரிந்தன.

மன்னித்துக்கொள்ளடா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"சாப்பிட்டியோ?" என்றுதான் வந்தது.

"ஓம் அண்ணை. நீங்கள் சாப்பிட்டனீங்களோ?"