ஓரப் புறா

என் முதல் வெளிநாட்டுப் பயணம் விழுப்புரத்தில் ரயிலேறிப் புதுச்சேரியில் இறங்கியதுதான். சிரிக்க வேண்டாம். அந்த முப்பதுகளில் அது பிரெஞ்சுக்காரன் ஊர், எங்களுடையது இங்கிலீஷ்காரன் ஊர். நடுவில் சுங்கக்காரர்கள் மூட்டையைக் கிளறுவார்கள். பேச்சு மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். எனக்குப் பதினாறு வயது. கத்தோலிக்க இளம்பெண்கள் மாநாட்டுக்குக் கொழும்பு, சைகோன், மாஹே என்று எங்கெங்கிருந்தோ வருகிறார்கள், நம் பங்குக் கோயிலிலிருந்து ஆறு பேர் போகலாம் என்று சாமியார் சொன்னதும் நான்தான் முதலில் கை தூக்கினேன். பக்தி என்று அவர் நினைத்துக்கொண்டார்.

என் காரணம் வேறு. அக்கா அந்த ஊரில், வெளியே வராத கன்னியர் மடம் ஒன்றில் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. நிச்சயம் பண்ணிய மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனவள் முகத்தில் இனி முழிக்கமாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். அக்காவிடமிருந்து கடிதம் வந்தால் பிரிக்காமல் தன் பெட்டியில் போட்டுப் பூட்டுவாள். அப்படிப்பட்டவள் நான் கிளம்பிய விடியற்காலையில் புளிச்சோற்றுப் பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "அவ குரல் எப்படி இருக்குன்னு மட்டும் கேட்டுட்டு வா."

அந்தப் பகலை இப்போது நினைத்தாலும் தூக்கத்தில் நடந்தது போலத்தான் இருக்கிறது. நேர்நேரான தெருக்கள், ஒவ்வொன்றின் முடிவிலும் கொஞ்சம் கடல். மஞ்சள் சுவர்களின் மேல் காகிதப்பூ வழிந்துகொண்டிருந்தது. சிவப்புத் தொப்பி வைத்த சிப்பாய் ஆடாமல் அசையாமல் நின்றார். புஷ்புஷ் வண்டியில் ஒரு துரைசானி, பின்னால் ஆள் தள்ளத் தள்ள, முன்னால் இருந்த கம்பியைத் தானே திருப்பிக்கொண்டு சத்தமில்லாமல் போனாள். பூசை முடிந்து ஊர்வலமாகக் கடற்கரைக்குப் போனோம். சைகோன் பெண்களின் நீள வெள்ளை அங்கிகள் காற்றில் அலைந்ததில் அவர்கள் நடப்பதாகவே தெரியவில்லை. எனக்கு ஜோடியாக வந்த யாழ்ப்பாணத்துப் பெண் தன் ஊர்க் கடலைப் பற்றி ஏதேதோ சொல்லிக்கொண்டு வந்தாள். நான் உம் கொட்டினேன். என் உடம்புதான் அங்கே இருந்தது.

மதியச் சாப்பாட்டு வேளையில் நழுவி, வழி கேட்டு மடத்துக்குப் போய்விட்டேன். கதவில் இருந்த சின்ன ஜன்னலை வயதான மாமேர் ஒருத்தி திறந்தாள். அந்த ஊரில் கன்னியரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். மாநாட்டு நாளில் யாரையும் பார்க்க விடமாட்டோம் என்றாள். தங்கச்சி வந்திருக்கிறாள் என்று சொல்லவாவது செய்யுங்கள் என்று கெஞ்சினேன். அதுவும் முடியாதாம். சாயங்காலம் எல்லாரும் மடத்துக் கோயிலுக்கு வருவீர்கள், உள்ளே அவர்களும் பாடுவார்கள், கேட்டுக்கொள் என்று ஜன்னலைச் சாத்தினாள். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கதவை உதைக்காமல் வந்ததே பெரிய காரியம்.

சாயங்காலம் போனோம். பீடத்துக்குப் பக்கத்தில் இரும்புக் கம்பிகள், அதற்குப் பின்னால் கறுப்புத் திரை. மாதா பிரார்த்தனை லத்தீனில் தொடங்கியது. சாமியார் மாதாவின் ஒவ்வொரு பெயராகப் பாட, ஒரு முறை உள்ளே இருப்பவர்கள் 'ஓரா ப்ரோ நோபிஸ்' என்பார்கள், அடுத்த முறை நாங்கள். எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று அர்த்தம். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். இருபது பேரோ முப்பது பேரோ, குரல் ஒன்றே ஒன்று. யாருடைய குரலும் தனித்துத் தெரியக் கூடாது என்று பழக்கி வைத்திருந்தார்கள். பெயர்கள் தீர்ந்துகொண்டே வந்தன. அம்மாவிடம் என்ன சொல்வேன் என்று எனக்கு அழுகை முட்டியது.

அப்போதுதான் புறா நினைவுக்கு வந்தது. அப்பா உயிரோடு இருந்தவரை கோயிலில் பாடியவர். அவர் வைத்த பழக்கத்தால் எங்கள் வீட்டில் சனிக்கிழமைப் பிரார்த்தனை லத்தீனில்தான். சின்ன வயதில் அக்காவும் நானும் அதை 'ஓரப் புறா நோபிஸ்' என்றே சொல்வோம். கோயில் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் புறாவுக்கு நோபிஸ் என்று பெயர், அதைத்தான் எல்லாரும் கூப்பிடுகிறார்கள் என்று அக்கா எனக்கு விளக்கம் வேறு சொல்லியிருந்தாள். அம்மா எங்கள் காதைத் திருகித் திருகித்தான் திருத்தினாள்.

எங்கள் முறை வந்தது. "ஓரப் புறா நோபிஸ்" என்று தொண்டை கிழியப் பாடினேன். யாழ்ப்பாணத்துப் பெண் திரும்பிப் பார்த்தாள். எங்களை அழைத்து வந்த டீச்சர் முறைத்தாள். உள்ளே இருந்து பதில் எப்போதும் போல ஒரே குரலாக வந்தது. அடுத்த முறையும் பாடினேன். இந்தத் தடவை உள்ளே எல்லாரும் முடித்த பிறகு, அரை நொடி பிந்தி, ஒரே ஒரு குரல் திரைக்குப் பின்னாலிருந்து தனியாக வந்தது. "ஓரப் புறா." கொஞ்சம் கம்மியிருந்தது. ஆனால் அதில் சிரிப்பு இருந்தது. எனக்கு அந்தச் சிரிப்பு தெரியாதா? அதற்குப் பிறகு என்ன பாடினார்கள் என்று நான் கேட்கவே இல்லை. அழுதுகொண்டு நின்றேன், அவ்வளவு சந்தோஷம்.

திரும்பும்போது சுங்கக்காரர் பொட்டலத் துணியை உதறிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டார்.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். மறுநாள் சனிக்கிழமை. விளக்கேற்றி, மாதா படத்துக்கு முன்னால் இரண்டு பேரும் முட்டிபோட்டோம். நான் திருத்தமாகத்தான் சொன்னேன். பக்கத்தில் அம்மா, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு பெயருக்கும் "ஓரப் புறா" என்றாள். பிரார்த்தனை முடிந்ததும் இடுப்புச் சாவியை எடுத்துக்கொண்டு போய்ப் பெட்டியைத் திறந்தாள். கடிதங்களை அள்ளிக்கொண்டு வந்து என் மடியில் போட்டாள்.

"முதல்லருந்து படி" என்றாள்.