உத்தரத்தில் ஒரு பென்சில் கோடு

டிரஸ்டி ஒருவருக்குத் தலையில் தையல் போட்ட மறுநாள், மேனேஜர் தச்சரை வரவழைத்துவிட்டார்.

போவன்பள்ளிப் பக்கம் வெள்ளைக்காரர் காலத்து வீடு ஒன்றைப் பார்வையாளர்களுக்காகப் பாதுகாத்து வருகிறார்கள். அங்கே எனக்குப் பராமரிப்பு வேலை. பத்தாவது வரை படித்தவள். நாலு பேர் முன்னால் பேச வராது. பெருக்கித் துடைக்கப் பேச்சு தேவையுமில்லை.

முன்னால் நின்று பார்த்தால் அது மாடி வீடு. பின்னால் போனால் ஓட்டுக் கொட்டகை. கூரையின் முகடு நடுவில் இல்லை. முன்சரிவு குட்டை. பின்சரிவு மாடியிலிருந்து நீளமாக இறங்கி, சமையலறையையும் மூடிக்கொண்டு, கைக்கெட்டும் உயரத்தில் முடியும். ஆர்க்கிடெக்டுகள் இதை சால்ட்பாக்ஸ் என்பார்கள். சாய்ந்த மூடி போட்ட மர உப்புப்பெட்டி மாதிரி இருப்பதால் அந்தப் பெயராம். சரிவு முடியும் இடத்தில்தான் பின்வாசல். கைமரங்கள் எல்லாம் வந்து உட்காரும் உத்தரம் அதற்கு நேர் மேலே ஓடுகிறது. டிரஸ்டி இடித்துக்கொண்டது அதில்தான்.

"அடியில நாலு விரக்கடை அறுத்து எடுத்துடு பாய். இன்னொருத்தர் இடிச்சா பின்கட்டையே பூட்டிடுவாங்களாம்" என்றார் மேனேஜர்.

தச்சர் மஸ்தான் பாய் பென்சிலால் கோடு போட்டார். ரம்பத்தை எடுத்தார். நான் அவர் ஏறி நின்ற முக்காலியைப் பிடித்திருந்தேன். பின்கட்டைப் பூட்டினால் அந்த வீட்டில் பாதி போய்விடும். உத்தரம் போனால் கூரையே போய்விடும்.

"சார், அறுத்துட்டு அப்புறம் வேணாம்னு தோணினா, திரும்ப வைக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டேன்.

"வேற என்ன பண்றது சரளாம்மா? வர்றவங்க காலை வெட்டலாமா?"

முக்காலி மேலிருந்து பாய் சிரித்தார். "காலு நக்கோ, வேணாம் சார். தரையை எறக்குங்க. ஷாபாத் கல்லுதானே, எடுத்தா வரும், வெச்சா உக்காரும்."

மேனேஜர் கொஞ்ச நேரம் கைமரங்களைப் பார்த்தார். "சரி, ரம்பத்தை உள்ள வை."

வாசலடியில் கற்களைப் பெயர்த்து, ஒரு படி ஆழம் தோண்டி, மறுபடி பதித்தோம். யாரும் இடித்துக்கொள்ளவில்லை. எல்லோருக்கும் நிம்மதி.

பிறகு மழை வந்தது. அந்த நீளக் கூரையின் தண்ணீர் முழுக்கக் கொட்டும் இடம் பின்வாசல். வாசல் பள்ளமானதால் தண்ணீர் நேரே சமையலறைக்குள் வந்தது. நான் வாளியில் மொண்டு மொண்டு ஊற்றினேன். மேனேஜர் பேண்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு நின்றார்.

"பாய், கல்லைப் பழையபடி ஏத்திடு."

"ஹவ், சரி சார். கல்லுதானே, ஏறும்."

மேனேஜர் தலைக்கு மேலிருந்த உத்தரத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அப்ப யாராவது இங்க நின்னு குனியச் சொல்லணும்."

"எனக்குப் பேச வராது சார்."

"அன்னிக்கு மட்டும் எப்படி வந்துச்சு?"

அன்றிலிருந்து பின்வாசலில் நின்று தமிழிலும் தெலுங்கிலும் ஹிந்தியிலும் "தலை பத்திரம்" என்று சொல்லி வருகிறேன். முதலில் குரல் எழும்பவில்லை. இப்போது முன்வாசல் வரை கேட்கிறதாம்.

பழைய வீடுகளில் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது ஒன்றுதான். எதில் கை வைப்பதானாலும், திரும்ப வைக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். மெதுவாகக் கேட்டாலும் போதும்.

குனிந்து நுழைகிறவர்கள் சிலர் நிமிரும்போது அந்தப் பென்சில் கோட்டைப் பார்த்து, என்ன அது என்று கேட்கிறார்கள். அறுக்க இருந்த இடம் என்று சொல்கிறேன்.