கோமளா மாமி வீட்டில் எடுத்த முருகன் படம்

போன வாரம் பெசன்ட் நகரில் காலை நடை போனபோது, விளக்குக் கம்பத்தில் ஒரு மஞ்சள் அட்டை கட்டியிருந்தது. அம்புக்குறி, அதன் கீழே சம்பந்தமில்லாமல் ஒரு பூவின் பெயர். படப்பிடிப்புக்கு வழி காட்டும் அட்டை, எழுதியிருப்பது பொய்ப் பெயர். சிரித்துக்கொண்டேன். கூடவே சர்க்கரைப் பொங்கலின் நெய் வாசனை வந்த மாதிரி இருந்தது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் தி. நகரில் ஒரு சின்னப் படக்கம்பெனியில் உதவி இயக்குநர். உதவி என்றால் கிளாப் அடிப்பது, டைரக்டரின் வெற்றிலைப் பெட்டியைத் தூக்குவது. எங்கள் முதலாளி அதற்கு முன்பு ஒரு கதையை ஊரெல்லாம் சொல்லி, அதை வேறொருவர் அவசரமாக எடுத்து முந்திக்கொள்ள, பாதிப் படத்தோடு நொந்துபோனவர். இந்த முறை கொலைக் கதை. கொலையாளி யார் என்று வெளியே கசிந்தால் மனிதர் எழுந்திருக்கவே முடியாது.

"முருகன் படம்னு சொல்லிடு நைனா. தெரிஞ்ச கதைய எவன் திருடப் போறான்?" என்றார் மேனேஜர் ஜலீல் பாய். 'திருநீறு தந்த செல்வன்' என்று பெயர் வைத்தவன் அடியேன்.

அந்தப் பெயரை நம்பித்தான் கோமளா மாமி அடையாறில் தன் பெரிய வீட்டைப் படப்பிடிப்புக்குக் கொடுத்தார். கணவர் வக்கீல், பகலெல்லாம் கோர்ட்டில். சாமி படம் எடுக்கிற வீடு என்று வாசலில் படிக்கோலம், எங்களுக்குத் தினமும் ஒரு தூக்குச் சர்க்கரைப் பொங்கல். பாய் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுவார்.

ஒரு மத்தியானம் கூடத்தில் முதுகில் கத்தியோடு பிணம் கிடந்தபோது மாமி மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டார். பிணம் மரியாதையாக எழுந்து நின்றது.

"முருகன் படம்னேளே?"

பாய் கையைக் கூப்பினார். "தப்புதாம்மா. கதை வெளிய போனா எங்க மொதலாளி தெருவுல நிப்பாரு. இன்னா பண்றது, சொல்லுங்க."

வீட்டைக் காலி செய்யச் சொல்வார் என்று நின்றோம். மாமி பிணத்தைச் சுற்றி வந்து அந்தக் கத்தியைப் பார்த்தார்.

"கொன்னது யாரு?"

டைரக்டர் தலையசைக்க, நான் மாமியின் காதில் சொன்னேன்.

"அடப்பாவி, அவனா! ரெண்டாந்தரம் பொங்கல் கேட்டு வாங்கிண்டானே!"

அன்றிலிருந்து மாமிக்கும் கூடத்து ஓரத்தில் ஒரு நாற்காலி. பொங்கலும் நிற்கவில்லை.

பிறகொரு நாள், வீடு வாடகைக்குக் கிடைக்குமா என்று ஒருவர் வந்தார். பேச்சுவாக்கில் உள்ளே என்ன படம் என்று விசாரித்தார். முன்பு எங்கள் கதையை எடுத்து முந்திக்கொண்ட கம்பெனியின் ஆள் என்பது பாய்க்கு முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நாங்கள் ஜன்னலுக்குப் பின்னால் மூச்சுவிடாமல் நின்றோம்.

"முருகன் படம். நேத்திக்குத்தான் வள்ளி கல்யாணம் எடுத்தா. நானே அட்சதை போட்டேன்னா பாத்துக்கோங்கோ" என்று தொடங்கிய மாமி, ஆதியிலிருந்து கந்தபுராணம் சொல்ல ஆரம்பித்தார். சூரபத்மன் வருவதற்குள் அந்த ஆள் செருப்பை மாட்டிக்கொண்டார். ஜன்னலுக்குப் பின்னாலிருந்தே பாய் மாமிக்கு ஒரு சலாம் வைத்தார்.

படம் நன்றாகவே ஓடியது. கொலையாளி மாட்டிக்கொள்ளும் இடத்தில் தியேட்டரில் மாமி திரையைப் பார்க்காமல் வக்கீலின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை!

இப்போது அந்த வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு. மாமி இல்லை, பாய் இல்லை. படத்தின் பிரதி ஒன்றுகூடத் தேறவில்லை என்கிறார்கள். கொலையாளி யார் என்று இன்னும் நினைவிருப்பவர்களில் அநேகமாக நான்தான் மிச்சம். கேட்டால் சொல்லிவிடுவேன். யாரும் கேட்பதில்லை.