நிற்கும் வண்டி, நிற்காத வண்டி

எனக்குப் பிறவியிலேயே அபாரமான காது வாய்த்திருக்கிறது என்று கண்டுபிடித்தவர் என் மாமா. அப்போது எனக்கு எட்டு வயது. வேப்பம்பட்டில், ரயில் பாதையிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தோம். அப்பாவுக்கு வெளியூரில் வேலை. அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தையல் கம்பெனிக்குப் போய்வந்தாள். ஓவர்டைம் உண்டா இல்லையா என்பது மாலை ஐந்து மணிக்குத்தான் அவளுக்கே தெரியும். கைப்பேசியை உள்ளே கொண்டுபோக அனுமதி இல்லை. ஆகவே அவள் எந்த வண்டியில் வருவாள் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒயரிங் வேலை கிடைத்த நாட்களைவிடக் கிடைக்காத நாட்களே அதிகமாக இருந்த மாமா, பள்ளி விட்டு வரும் என்னைப் பார்த்துக்கொண்டார்.

ஒரு மாலை மொட்டை மாடியில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். திருநின்றவூர்ப் பக்கமிருந்து வண்டிச் சத்தம் எழுந்தது. தலையைத் தூக்காமலே, "இது நிக்காது" என்றேன். விரைவு வண்டி ஒன்று எங்கள் நிலையத்தைப் பொருட்படுத்தாமல் கடந்து போயிற்று. அடுத்ததற்கு, "இது நிக்கும்" என்றேன். நின்றது. மாமா கையிலிருந்த டீத் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

மறுநாள் மாடியில் ஒரு சிறிய சபை கூடியது. மாமாவின் நண்பர்கள் மூன்று பேர் வந்தார்கள். என் கண்களைத் துண்டால் கட்டினார்கள்.

"மச்சான், துண்டு சந்துல பாக்குதுடா கொயந்த" என்றார் ஒருவர்.

"பாத்தா மட்டும் தெரிஞ்சிடுமா? பொறந்ததுலேந்து இதே ஊர்ல கீற. எது நிக்கும் எது நிக்காதுன்னு நீ சொல்லேன், பாப்போம்" என்றார் மாமா.

நண்பர் சொன்னார், தோற்றார். நான் ஆறுக்கு ஆறும் சரியாகச் சொன்னேன். "பொறக்க சொல்லவே வந்த ஞானம்டா இது. எங்க வம்சத்துலயே யாருக்கும் கெடையாது" என்ற மாமா, சற்று யோசித்துவிட்டு, தனக்கும் சிறுவயதில் கொஞ்சம் இருந்ததாகச் சேர்த்துக்கொண்டார்.

இவ்வளவு பெரிய காதை ரயிலுக்கு வீணாக்கக் கூடாதென்று அவர் என்னை அடுத்த தெருவில் இருந்த பாட்டு டீச்சரிடம் சேர்த்தார். வகுப்பு ஆறிலிருந்து ஏழு மணி வரை. டீச்சர் சுருதிப் பெட்டியை வைத்து 'ஸ' பிடிக்கச் சொன்னார். நான் பிடித்தது வேறு எதையோ. மூன்றாம் நாள் பாட்டின் நடுவிலேயே, "இது நிக்கும்" என்று எழுந்து வாசலுக்கு ஓடினேன். நிலையத்திலிருந்து வருகிறவர்கள் அந்தத் தெரு வழியாகத்தான் போவார்கள். போனவர்களில் அம்மா இல்லை.

இரண்டாம் வாரம் டீச்சர் மாமாவை வரச் சொன்னார்.

"எல்லாப் பிள்ளைங்களுக்கும் இருக்கிற காதுதான் சார் இவளுக்கும். உக்காந்து பழகினா பாட்டு வரும். இவ எங்க உக்கார்றா? வாசல்லயே நிக்கிறா."

அன்று அம்மா வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மாமா முறையிட்டார். "அக்கா, அந்தம்மாவுக்குப் பாட்டே தெரியாதுக்கா. ஊடு தேடி வந்த ஞானத்த இன்னான்னு கூட பாக்கல."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "எப்படிடி தெரியுது உனக்கு?"

இந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. உற்சாகமாக ஒப்பித்தேன்.

"நிக்கிறது, திருநின்றவூர்ல நின்னு கெளம்பி வரும்மா. சத்தம் சின்னதா ஆரம்பிச்சுப் பெருசாகும். நிக்காதது ஒரே மூச்சா வரும். இன்னிக்கு ஆறு பத்து நின்னுச்சு, நீ வரல. ஆறே கால் நிக்கல. ஆறு நாப்பது நின்னுச்சு, நீ வரல. ஏழு அஞ்சு நின்னுச்சு, நீ வரல. ஏழு..."

"போதும்" என்றாள் அம்மா. முகம் கழுவப் பின்கட்டுக்குப் போனாள். அதற்கு அன்று வெகுநேரம் ஆயிற்று. ஏதோ ஒரு வண்டியைத் தவறாகச் சொல்லிவிட்டோமோ என்று நான் மனத்துக்குள் மறுபடி எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதத்திலிருந்து அம்மா ஓவர்டைம் பார்ப்பதை விட்டாள். தினமும் ஆறு பத்து வண்டியில் வந்து, மாடியில் என் பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரிப்பாள். பாட்டு வகுப்பு தானாகவே நின்றுபோனது.

நான்கைந்து மாதம் கழித்து மாமா புதிய நண்பர் ஒருவரை அழைத்துவந்து மறுபடி துண்டைக் கட்டினார். மூன்று வண்டிகளில் இரண்டைத் தவறாகச் சொன்னேன். நண்பர் சிரிக்காமல் இருந்தது மாமாவை இன்னும் புண்படுத்தியது.

"கண்ணு பட்டுடுச்சுக்கா" என்று மிளகாயும் உப்பும் எடுத்து எனக்குச் சுற்றி அடுப்பில் போட்டார். கண் பட்டிருந்தால் நெடி வராது என்பார்கள். நாங்கள் அனைவரும் இருமினோம். மாமா அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

பிறவியில் வந்ததைத் தொலைத்துவிட்ட துக்கத்தில் அம்மாவின் மடியில் படுத்து அழுதேன். "மறுபடியும் வராதாம்மா?"

"வரவே வேணாம்" என்றாள்.

ஊரில் வேறெவருக்கும் இல்லாத ஒன்று எனக்குத் திரும்பி வரக் கூடாதென்று என் அம்மாவே ஏன் நினைக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. அவள் மடியை விட்டு எழாமலே நெடுநேரம் அவள்மீது கோபமாக இருந்தேன்.