ஒரிஜினலைக் கேட்டார்கள்

வேலையில் மேலே போக எம்.பி.ஏ. வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. சனி, ஞாயிறு மட்டும் வகுப்பு நடத்தும் கல்லூரி ஒன்று, எங்கள் வீடு இருக்கும் அல்சூரிலிருந்து மெட்ரோவில் போய்வரும் தூரத்தில் கிடைத்தது.

கட்டணத் தாள் ஒரே பக்கம்தான். அதுவே எனக்கு உறுத்தியது. பால் பவுடர் டப்பாவில்கூட இதைவிட அதிகம் எழுதியிருப்பார்கள். தேர்வுக் கட்டணம், நூலகம், தொழிற்சாலைப் பயணம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"எல்லாம் இதுலயே சேர்ந்துடுச்சு மேடம்" என்றார் சேர்க்கைப் பிரிவு இளைஞர்.

மகளைத் தோளில் போட்டிருந்த என் கணவர், "இவ கீரைக்காரம்மாகிட்டயே பில் கேப்பா சார்" என்றார். இருவரும் சிரித்தார்கள். வேறு வழியில்லாமல் நானும் சிரித்தேன்.

பிறகு அந்த இளைஞர் என் கோப்பிலிருந்து பட்டச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியல்களையும் உருவி ஓர் உறைக்குள் வைத்தார்.

"ஒரிஜினல் எதுக்கு சார்?"

"வெரிஃபிகேஷனுக்கு. கோர்ஸ் முடிஞ்சதும் குடுத்துடுவோம்."

"நடுவுல நிறுத்தவேண்டி வந்தா?"

"ஏன் மேடம், சேர்றப்பவே நிக்கிறதப் பத்திப் பேசறீங்க?"

"குழந்தை இருக்கு சார். சொல்லுங்க."

அவர் என் கணவரைப் பார்த்துப் பதில் சொன்னார். "ரெண்டு வருஷ ஃபீஸும் கட்டிட்டா அன்னிக்கே வாங்கிக்கலாம்."

தாளில் இது இல்லை. வேறு கம்பெனியில் வேலை கிடைத்தாலும் முதல் நாளே ஒரிஜினல் கேட்பார்களே என்பதும் அப்போதுதான் உறைத்தது.

"எல்லாரும் குடுக்கறாங்கம்மா" என்று கணவர் முணுமுணுத்தார்.

"ஒரு செட் ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்துடறேன்" என்று உறையை வாங்கிக்கொண்டேன். சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே என்று எதிர்க்கடையில் உண்மையாகவே நகல் எடுத்தேன். எனக்குப் பயம் கல்லூரி மேலா, படிப்பு மேலா என்று அங்கே நின்றபோது எனக்கே சந்தேகமாக இருந்தது. திரும்பிப் போய் நகல்களை நீட்டினேன்.

"இத வச்சுக்குங்க. ஒரிஜினல்தான் வேணும்னா, எப்ப திருப்பித் தருவீங்கன்னு எழுதிக் குடுங்க."

அவர் உள்ளே போய்விட்டு வந்தார். "எழுத்துல எல்லாம் தர மாட்டாங்க மேடம். நம்பிக்கைதான்."

உறையைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"இந்த வருஷமும் போச்சு" என்றார் கணவர். அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம்.

மறுநாள் இன்னொரு கல்லூரிக்கு போன் செய்தேன். கட்டணத்தைக் கேட்கவில்லை.

"ஒரிஜினல் சர்டிஃபிகேட்ட நீங்க வாங்கி வச்சுக்குவீங்களா?"

"நேர்ல வாங்க மேடம்" என்றாள் போனை எடுத்த பெண். "ஃபேமிலியோட வாங்க. பேசிக்கலாம்."